சாவிப் பெட்டிக்குள் ஒரு வார்த்தை

காலையில் அக்கா போனை எடுக்கவில்லை என்றால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, குளித்துக்கொண்டிருப்பாள். இல்லையென்றால் முந்தின நாள் ஆட்டத்தில் என்னிடம் தோற்றுப்போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். முந்தின நாள் தோற்றவள் நான். குளிக்கிற நேரமும் தாண்டிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தும் மணி அடித்து ஓய்ந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குள் போட்டிருந்த செருப்போடு அப்படியே கிளம்பிவிட்டேன். அடுத்த தெருதான்.

எங்கள் ஆட்டத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. ஒருத்தி மனசுக்குள் ஓர் ஆங்கில வார்த்தையை வைத்துக்கொள்வாள். ஐந்து எழுத்து. ஒரே எழுத்து இரண்டு தரம் வரக் கூடாது. கடைசியில் எஸ் ஒட்டிப் பன்மையாக்கி ஏமாற்றக் கூடாது. மற்றவள் தனக்குத் தோன்றின வார்த்தையைச் சொல்லுவாள். அதில் எத்தனை எழுத்து தன் வார்த்தையில் இருக்கிறது என்பதை மட்டும் இவள் சொல்லலாம். எந்த எழுத்து என்று மூச்சு விடக் கூடாது. நான் நாற்காலிக்கான 'சேர்' என்று வைத்திருக்கிறேன், அவள் இதயத்துக்கான 'ஹார்ட்' என்கிறாள் என்றால் 'மூணு' என்பேன். ஹெச், ஏ, ஆர். அந்த மூன்று எது எது என்று அவள்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அக்கா டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் மருந்துக்கடையில் பில் போட்டவள். அவளுக்கு வார்த்தை அதிகம், எனக்குப் பொறுமை அதிகம். ஆகமொத்தம் சரிக்குச் சரி.

அடுத்தது அந்தப் பெட்டி. அக்கா வீட்டு வாசல் கதவு முழு இரும்பு. தெருவில் யார் வீட்டிலோ திருடன் புகுந்தான் என்று மாமா உயிரோடு இருந்தபோது போட்டது. ஜன்னலுக்கெல்லாம் விரல் தடிமனில் கம்பி. "திருடன் என்ன, எமனே வந்தாலும் வாசல்ல நின்னு யோசிப்பான்" என்பார், பாவம். அவர் போன பிறகு அக்கா தனி ஆள். சர்க்கரை வியாதி வேறு. அதனால் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாவிப் பெட்டி ஒன்றைப் பதித்தார்கள். உள்ளே மாற்றுச் சாவி இருக்கும். பெட்டியின் முகத்தில் பன்னிரண்டு எழுத்துப் பொத்தான்கள்: ஏ, சி, இ, ஹெச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், டி. சரியான ஐந்தை அழுத்திக் குமிழை இழுத்தால் திறந்துகொள்ளும். எதை முதலில் அழுத்துகிறோம் என்பதெல்லாம் அதற்குக் கவலை இல்லை, ஐந்தும் உள்ளே போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். தப்பாக அழுத்திவிட்டால் ஓரத்தில் இருக்கிற பிடியைக் கீழே தள்ளி எல்லாவற்றையும் மேலே வரவைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

காலையில் ஊசி போட வந்துகொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். புதுப் பெண் வருகிறாள், அதனால் வார்த்தையை மாற்றுங்கள் என்று ஆள் அனுப்புகிற ஆபீசில் சொல்லியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் அக்காவே மாற்றினாள். மாற்றின கையோடு எனக்குப் போன்.

"புது வார்த்தை போட்டாச்சு. நாளைக்கு ஆட்டத்துக்கும் அதேதான். கண்டுபிடிச்சியா, கதவு உனக்கு. இல்லையா, காலிங் பெல்லை அடிச்சுட்டு நில்லு."

நானும் சிரித்தேன். சிரித்தேன் பாருங்கள்!

நான் போனபோது அந்தப் புதுப் பெண் வாசலில் நின்று பெல்லை அடித்துக்கொண்டிருந்தாள். ஊசி போடுகிறவள் என்பதால், முந்தின நாள் அவள் முதல்முறை வந்தபோதே அக்கா அவளுக்கு ஊசிம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அம்மா, ஜன்னல் வழியா பாருங்கம்மா. கீழே கிடக்காங்க."

பார்த்தேன். நாற்காலிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போயிருந்தது. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"அக்கா!"

"என்ன கத்துறே?" என்றாள். நாக்கு தடித்து, குடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது.

"சுகர் இறங்கிடுச்சும்மா," என்றாள் ஊசிம்மா. "ராத்திரி ஊசியைப் போட்டுக்கிட்டு சாப்பிடாம படுத்திருப்பாங்க. ஃப்ரிட்ஜ் கதவுல சர்க்கரையை ஏத்துற ஊசி ஒண்ணு இருக்கு, நேத்துதான் பார்த்தேன். உள்ளே போனா போதும்மா. லேட்டானா நினைவு போயிடும், அப்புறம்..."

"அப்புறத்தைச் சொல்லாதே. பெட்டியைத் திற."

"வார்த்தை தெரியாதும்மா. இன்னிக்குச் சொல்றேன்னு சொன்னாங்க."

ஆபீசில் கொடுத்திருந்த பழைய வார்த்தையைப் போட்டுப் பார்த்திருக்கிறாள், திறக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள், கிளம்பிவிட்டது என்றார்கள். கதவை உடைக்கத் தீயணைப்பு வண்டி வேண்டும். அதுவோ எங்கோ கிடங்கு தீப்பிடித்து அங்கே நின்றது. வெளிநாட்டில் இருக்கிற அக்கா மகனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை, அங்கே தூங்குகிற நேரம். சத்தம் கேட்டு மேல்வீட்டு லாரி டிரைவர் பல் தேய்த்த நுரையோடு இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வண்டியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்து வந்து கீல் பக்கமாகக் கொடுத்து நெம்பினார். கம்பிதான் வளைந்தது.

"யாரு போட்ட கதவு பெரியம்மா இது? ஜெயில்ல கூட இப்படி இல்லை!"

"எங்க மாமா போட்டது. இப்ப அவரைத் திட்டி என்ன ஆகப் போகுது? நீங்க நெம்புங்க தம்பி."

ஊசிம்மா தன் பையிலிருந்து நாலைந்து மிட்டாயை எடுத்துக் கம்பி வழியாக உள்ளே எறிந்தாள். ஒன்று அக்கா கைக்குப் பக்கத்திலேயே போய் விழுந்தது.

"அக்கா, அதை எடுத்து வாயில போடு!"

அக்கா மிட்டாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புறங்கையால் அதைத் தள்ளிவிட்டாள்.

"எனக்குச் சர்க்கரை வியாதி. மிட்டாய் எறியுறா. தங்கச்சியாம், தங்கச்சி."

"இப்ப சாப்பிடலாம்கா! சாப்பிட்டே ஆகணும்!"

"டாக்டர் கிட்ட சொல்றேன் இரு."

சர்க்கரை இறங்கினால் புத்தி இப்படித்தான் கோணிக்கொள்ளும் என்று கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே அழுத்தினேன்.

"அக்கா, பெட்டிக்கு என்ன வார்த்தை வெச்சே? சொல்லு."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆட்டத்தில் ஜெயிக்கப் போகிறபோது வருகிற அதே சிரிப்பு.

"ஆசை தோசை. கண்டுபிடி."

"ஆட்டம் இல்லைக்கா இது. நீ கீழே விழுந்து கிடக்கே. கதவைத் திறக்கணும்."

"சொல்லிட்டா அப்புறம் என்னடி ஆட்டம்? வார்த்தை கேளு. எண்ணிக்கை சொல்றேன்."

கெஞ்சினேன், அதட்டினேன், செத்துப்போன அம்மா மேல் ஆணையெல்லாம் வைத்துப் பார்த்தேன். "அழுகுணி" என்றாள். இப்படியே விட்டால் அவள் கண்ணை மூடிவிடுவாள் என்று புரிந்தது. சரி, எந்தப் பேச்சில் விழித்திருக்கிறாளோ அந்தப் பேச்சையே பேசுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, ஆடலாம். ட்ரெயின்."

கண்ணை மூடி யோசித்தாள். அந்த இரண்டு மூச்சு நேரத்தில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

"ஒண்ணு."

டி, ஆர், ஏ, ஐ, என். இதில் ஒன்றே ஒன்று.

"ஓஷன்."

"மூணு," என்றாள் உடனே. "நல்லா ஆடுறியே இன்னிக்கு."

ஓ, சி, இ, ஏ, என். மூன்று. ஊசிம்மா என் பக்கத்தில் நின்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். டிரைவர் கம்பியைத் திருப்பிப் போட்டு மறுபடி நெம்பினார்.

"தம்பி, கொஞ்சம் சத்தம் போடாம நெம்புங்க. எனக்கு அவ பேச்சு கேக்கணும்."

"சத்தம் இல்லாம எப்படி பெரியம்மா நெம்புறது? கதவைக் கொஞ்சவா முடியும்?"

"அக்கா, ஸ்மைல்."

அவள் பார்வை மிட்டாய் பக்கம் நழுவியது.

"அக்கா! ஸ்மைல்! எத்தனை?"

"இருடி... எண்ண வேண்டாமா." தரையில் கிடந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. "மூணு."

அவள் விரலை வைத்து எண்ணினதைப் பார்த்ததால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் பிடித்துவிடலாம்.

"ஹோட்டல்."

"ஆறு."

ஐந்து எழுத்து வார்த்தையில் ஆறு எங்கிருந்து வரும்? ஊசிம்மா எழுதப் போனவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஹோட்டல்."

"ஹோட்டலுக்கு நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க," என்றாள். கண் இமை இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனை கத்தியும் பதில் இல்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றால் நான் ஒன்றுக்கும் ஆக மாட்டேன் என்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"ஊசிம்மா, நீ ஜன்னல்ல நில்லு. மூச்சைப் பார்த்துக்கிட்டே இரு."

"பொத்தானை யாரும்மா அழுத்துறது? என் கைதான் சின்னது. உங்க விரலுக்கு அந்தப் பொத்தான் சிக்காது."

அதுவும் சரிதான். எனக்கு மூட்டு வீங்கின விரல். டிரைவரை ஜன்னலில் நிறுத்தினோம். மனுஷர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, "பெரியம்மா, பெரியம்மா, மேல்வீட்டுத் தம்பி வந்திருக்கேன்" என்று அக்காவிடம் பேச ஆரம்பித்தார். நான் பெட்டி முன்னால் வந்தேன்.

ஆறு என்றது பிதற்றல், அது கிடக்கட்டும். முன்னால் சொன்ன மூன்றும் பிதற்றலா இல்லையா? தெரியாது. நம்பித்தான் ஆக வேண்டும். ட்ரெயினில் ஒன்று. ஓஷனில் மூன்று. இரண்டிலும் பொதுவாக நிற்கிறது ஏ. சரி, ஏ இருக்கிறது. கூட சி, இ. ஸ்மைலில் மூன்று என்றால் இ-யோடு இன்னும் இரண்டு. எம், எல்...

"கேமல்! சி, ஏ, எம், இ, எல். அழுத்து!"

ஊசிம்மா அழுத்தினாள். டிக், டிக், டிக். குமிழை இழுத்தாள். வரவில்லை.

"அழிச்சுட்டு மறுபடி. எம்முக்குப் பதிலா எஸ். ஸ்கேல். எஸ், சி, ஏ, எல், இ."

பிடியைத் தள்ளினாள். அழுத்தினாள். இழுத்தாள். வரவில்லை.

"மூச்சு எப்படி இருக்கு தம்பி?"

"இருக்கு பெரியம்மா. ஆனா கூப்பிட்டா 'ம்' கூட கொட்ட மாட்டேங்கறாங்க. கை லேசா வெட்டி வெட்டி இழுக்குது."

ஊசிம்மா முகம் வெளுத்தது. "ஃபிட்ஸ் வரப் போகுதும்மா. சீக்கிரம், சீக்கிரம்."

சீக்கிரம் என்றால் வருமா? தலைக்குள் எழுத்தெல்லாம் கொட்டின கடுகு மாதிரி ஓடியது. ஏ, ஓ, இ, எம், எல், ஒன்றும் வரவில்லை. ஏ, ஓ, இ, எஸ், எல், அதுவும் வரவில்லை. ஏ, சி, இ, எஸ், எம் என்றால் எஸ் வால் ஒட்டின வார்த்தைதான் வருகிறது. அக்கா எத்தனை புத்தி தடுமாறினாலும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டாள், அதுவும் நேற்று சாயங்காலம் தெளிவாக இருந்தபோது வைத்த வார்த்தை. அப்படியானால் எண்ணிக்கைதான் தப்போ? மூன்றும் பிதற்றலோ? பிதற்றல் என்றால் நான் இங்கே நின்று பொத்தான் அமுக்கிக்கொண்டிருப்பது சுவரில் முட்டிக்கொள்கிற மாதிரிதான். கதவில் கை ஊன்றிக்கொண்டேன்.

"அம்மா, நீங்க ஏன் ஏ-வையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் ஊசிம்மா. அவள் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டுலயும் 'என்' கூட இருக்கேம்மா."

சட்டென்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஆமாம். ட்ரெயினிலும் என். ஓஷனிலும் என். கண்ணெதிரே நிற்கிற எழுத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஏ-வை விட்டேன். என். கூட ஓ, இ. அப்புறம் ஸ்மைலுக்கு எம், எல்.

"லெமன்! எல், இ, எம், ஓ, என்! அழுத்துடி அம்மா!"

அவளை 'டி' போட்டதுகூட எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவள் அழுத்தினாள். இழுத்தாள்.

வரவில்லை.

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். இதற்கு மேல் என்னிடம் வார்த்தை இல்லை. ஜன்னல் பக்கம் டிரைவர் குரல், "பெரியம்மா, இங்கே பாருங்க, பெரியம்மா" என்று உயர்ந்துகொண்டே போனது. எங்கேயோ சைரன் கேட்டது, ரொம்பத் தூரத்தில். வந்தாலும் என்ன? அவர்களும் எங்களோடு சேர்ந்து வாசலில் நிற்கப் போகிறார்கள்.

"அய்யோ!" என்றாள் ஊசிம்மா. "அய்யோ, அம்மா, நான் பிடியைத் தள்ளவே இல்லை. ஸ்கேல் அப்படியே உள்ளே கிடக்கு!"

"என்னது?"

"பழசை அழிக்காம அழுத்திட்டேம்மா. எஸ்ஸும் சி-யும் ஏ-வும் உள்ளேயே இருக்கு."

எழுந்தேனா, பறந்தேனா தெரியாது. "தள்ளு, தள்ளு, தள்ளு!"

தள்ளினாள். பொத்தான்கள் படபடவென்று மேலே வந்தன. அவள் விரல் நடுங்கி எம்முக்குப் பதில் பக்கத்துப் பொத்தான் 'என்' மேல் போய் நின்றது. "ரெண்டும்தான் வேணும், போடு, எது முன்னால போனா என்ன!" என்றேன். என். எம். எல். ஓ. இ. குமிழை இழுத்தாள்.

பெட்டி வாயைத் திறந்துகொண்டது. இத்தனை பாடுபட்டதற்கு ஒரு சத்தம்கூட இல்லை. சாவி உள்ளே தேமே என்று தொங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்ததும் ஊசிம்மா செருப்போடு சமையலறைக்கு ஓடினாள். நான் அக்கா பக்கத்தில் மண்டியிட்டுத் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பு தண்ணீரில் போட்டு எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது. கை வெட்டி இழுத்தது. ஊசிம்மா புடவையை ஒதுக்கித் தொடையில் ஊசியை இறக்கினாள். அவள் கை இப்போது நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஊசியை எடுத்தபின் அக்காவை மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

"இனிமே காத்திருக்கணும்மா. கொஞ்ச நேரம் ஆகும்."

காத்திருந்தோம். டிரைவர் சுவர் ஓரமாகக் கை கட்டி நின்றார். வாயோரத்தில் பற்பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது, துடைக்க அவருக்கும் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நான் அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க வேர்த்தது. அப்புறம் துடைத்த இடம் காய்ந்தே இருந்தது. கை இழுப்பது நின்றது. நின்றது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் ஊசிம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் அக்கா விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"ஏறுதும்மா."

ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தபோது அக்கா கண்ணைத் திறந்தாள். முதலில் கூரையைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள செருப்போட யாரு நிக்கிறது?"

டிரைவர் வெளியே ஓடிப்போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

"கதவை யாரு திறந்தது?" என்றாள் அடுத்தது.

"நாங்கதான். லெமன்," என்றேன்.

அக்கா புருவத்தைச் சுருக்கினாள். "லெமனா? நான் வெச்சது மெலன்."

"எழுத்து அதேதானேக்கா. அஞ்சும் அதேதான்."

"எழுத்து அதேதான். வார்த்தை அது இல்லையே."

ஆம்புலன்ஸில் வந்த பையன் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தான். புத்தி தெளிந்ததா என்று பார்க்க ஏதேதோ கேட்டான். பெயரைக் கேட்டான், சொன்னாள். என்ன கிழமை என்றான், சொன்னாள். கடைசியில் என்னைக் காட்டினான்.

"இவங்க யாருன்னு தெரியுதா பாட்டி?"

"தெரியாம என்ன? என் தங்கச்சி," என்றாள் அக்கா. "இன்னிக்கு ஆட்டத்துல தோத்துட்டா."

"ஆமாக்கா," என்றேன். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரு பூராவும் கேட்கிற மாதிரி சொன்னேன். "தோத்துட்டேன். நல்லாத் தோத்துட்டேன்."